ஒன்பது மார்ச்சாகக் கிளம்பும் வாத்தியார்

கிளம்புகிறவர்களில் நிஜமாகவே கிளம்புகிறவர்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பெட்டியைக் கட்டுவார்கள், கையசைப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களை விடுங்கள். இங்கே நீங்கள் சந்திக்கப் போவது வேறொரு பிறவி. வருடக்கணக்காகக் கிளம்பிக்கொண்டே இருப்பவர். "இத்தோட சரி" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் வசதியாக இழுத்துப் போட்டுக்கொள்பவர்.

இவர் எல்லா ஊரிலும் கிடைப்பார். ஆனால் கலப்படமில்லாமல், வியர்த்து வழியும் கழுத்துப்பட்டையோடு பார்க்க வேண்டுமா? தாய்லாந்தில் ரோய் எட் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் நோங் புவா பள்ளிக்குக் காலை ஏழு ஐம்பதுக்கு வாருங்கள். கொடிக்கம்பத்துக்கு எதிரே ஆயிரத்து எண்ணூறு கறுப்புத் தலைகள் வரிசையாக நிற்கும். ஆசிரியர் வரிசையின் கடைசியில், மற்ற எல்லோரையும் விட ஒரு சாண் உயரத்தில், பழுத்த தக்காளி நிறத்தில் ஒரு முகம் தெரியும். அதுதான் அவர். டெரெக் விட்லி, ஆங்கில ஆசிரியர், வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் இங்கிலாந்தில் எங்கோ. எந்த ஊர் என்று கேட்டால் "நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க" என்பார். அந்த ஊரும் இவரைக் கேள்விப்பட்டிருக்காது என்பதுதான் உண்மை. ஆனால் அதைப் பிறகு பார்ப்போம்.

இவருக்கென்று சில அடையாளங்கள் உண்டு. முதல் அடையாளம் ஒரு வாக்கியம்: "யாருமே எனக்குச் சொல்லல."

ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பத்திரண்டு காய்கறிப் படங்களை வெட்டி, ஒட்டி, பளபளப்புத் தாள் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறார் டெரெக். வகுப்பு வாசலில் செருப்பில்லை. உள்ளே பிள்ளைகளில்லை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது, அதற்குக் கீழே பள்ளி நாய் ஒன்று நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கிறது. அதே மூன்று மாடி இறங்கி ஆசிரியர் அறைக்கு வருகிறார். பக்கத்து மேசையில், அவரோடு சேர்ந்து ஆங்கிலம் கற்பிக்கும் ஜியாப் டீச்சர், சின்ன உருவம், சின்னக் குரல், கொய்யாக்காய்க்கு மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஜியாப் டீச்சர், என் கிளாஸ் எங்க?"

"விளையாட்டு விழா ஒத்திகைக்குப் போயிட்டாங்க டீச்சர். இந்த வாரம் பூரா கிளாஸ் இல்லையே."

"யாருமே எனக்குச் சொல்லல!"

"காலையில கொடி ஏத்துனப்ப ஸ்கூல் டைரக்டர் மைக்ல சொன்னாரே. நீங்க அங்கதான நின்னீங்க?"

"அவ்வளவு வேகமா பேசினா எனக்கு எப்படிப் புரியும்?"

"அவர் முடிச்சதும் கை தட்டுனீங்களே டீச்சர்."

"எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினேன்!"

ஜியாப் டீச்சர் கொய்யாத் தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறாள். டெரெக் ஒரு துண்டு எடுத்துக் கடித்து, மிளகாய்ப்பொடியில் கண் கலங்கி, அந்தக் கலங்கிய கண்ணோடு கூரையைப் பார்த்து இரண்டாவது வாக்கியத்தைச் சொல்கிறார்: "இந்த மார்ச்சோட சரி."

மார்ச்சில் எங்கள் பள்ளி வருடம் முடியும். வெளிநாட்டு ஆசிரியரின் ஒப்பந்தமும் அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடியும். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம். போடாவிட்டால் விசா போய்விடும், விசா போனால் அவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே "இந்த மார்ச்சோட சரி" என்பது சும்மா சொல்கிற பேச்சல்ல. ஆனால் டெரெக் அதைச் சும்மாதான் சொல்வார். புழுக்கத்தில் நாம் "அப்பாடா" என்பதில்லையா, அப்படி.

எதற்கெல்லாம் சொல்வார்? புதன்கிழமை எல்லா ஆசிரியரும் சாரணர் உடுப்பில் வரவேண்டும், அவர் உயரத்துக்கு அரைக்கால்சட்டை கிடைக்காமல் தையற்காரர் இரண்டு கால்சட்டையை ஒட்டுப்போட்டு ஒன்று தைத்துத் தந்தார்; இந்த மார்ச்சோட சரி. ஆங்கில முகாமில் முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் வாழைப்பழம் போல உரிந்து காட்டி ஆடச் சொன்னார்கள், ஆடினார், இன்னொரு தரம் என்றார்கள், அதையும் ஆடினார். இந்த மார்ச்சோட சரி. பதினோராம் வகுப்பு ஏழாம் பிரிவில் பென்ஸ் என்று ஒரு பெண். கார் இல்லை, பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயரே அதுதான். பரீட்சையில் வெற்றுத்தாள் கொடுத்தாள். டெரெக் நெஞ்சை நிமிர்த்திப் பூஜ்ஜியம் போட்டார். எங்கள் பள்ளியில் பூஜ்ஜியம் போட்ட ஆசிரியர், அந்தப் பூஜ்ஜியம் தேறும் வரை மறுபரீட்சை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பென்ஸ் தன்பாட்டுக்கு முடி பின்னிக்கொண்டிருக்க, டெரெக்தான் வினாத்தாளும் கையுமாகக் கூடைப்பந்து மைதானத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் அவள் பின்னால் அலைந்தார். நாலாவது முறை தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கெஞ்சினார்.

"மூணு காய் பேர் சொல்லு பென்ஸ். இங்கிலீஷ்ல. மூணே மூணு."

"ரெண்டு போதாதா டீச்சர்?"

"சரி, ரெண்டு."

"ஒண்ணு நீங்க சொல்லுங்க, ஒண்ணு நான் சொல்றேன்."

சொன்னார்கள். பென்ஸ் தேறினாள். டெரெக்கின் கொள்கை தோற்றது. இந்த மார்ச்சோட சரி!

இப்படிப்பட்டவருக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை என்று நினைத்தீர்களானால், வாசகரே, இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்க ஏழாம் பிரிவு மொத்தமும் ஆளுக்கொரு ஆரஞ்சோடு வந்து அறை வாசலில் செருப்பை மலையாகக் குவித்தபோது, அந்தச் செருப்புக் குவியலைப் புகைப்படம் எடுத்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டவர் அவர். ஏப்ரல் விடுமுறையில் ஊருக்குப் போனால் ஒன்பதாம் நாளே சீக்கு வந்த கோழி மாதிரி திரும்பி வந்துவிடுவார். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? போலீன் என்று ஒரு அக்கா. அவள் வீட்டில் ஒரு சின்ன அறை. அதிலும் இப்போது உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போட்டுவிட்டாள். சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நீளத்துக்கு இடம் இருக்கிறது, டெரெக் நீளத்துக்கு இல்லை. தெருவில் இறங்கினால் இவரைக் கண்டு "குட் மார்னிங் டீச்சர்" என்று யாரும் கத்த மாட்டார்கள். இங்கேயோ பல்லில் வலி என்று மருத்துவரிடம் போனால், வாயைப் பிளந்து படுத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் பிள்ளையும் அதைச் சொல்லும்.

அப்படியானால் ஏன் வருடா வருடம் அந்தப் பாட்டு?

அங்கேதான் இருக்கிறது விஷயம். போன செப்டம்பர் வரை ஆங்கிலத் துறைக்குத் தலைவியாக இருந்தவர் சுமாலி டீச்சர். பெரிய குரல், பெரிய கைப்பை, எதற்கும் அழக்கூடிய பெரிய கண்கள். ஒவ்வொரு பிப்ரவரியும் டெரெக் தொண்டையைக் கனைத்து "நான் கிளம்பலாம்னு இருக்கேன்" என்பார். சுமாலி டீச்சர் கையிலிருப்பதைக் கீழே போடுவார். "ஐயோ! என்ன டீச்சர் இப்படிக் குண்டைத் தூக்கிப் போடறீங்க? நீங்க போயிட்டா இந்தப் பிள்ளைங்க கதி என்ன? என் கதி என்ன?" மறுநாள் டெரெக் மேசையில் ஒரு கூடை மாம்பழம். அதற்கு மறுநாள் பிள்ளைகள் எழுதிய மன்றாட்டுக் கடிதங்கள், எல்லாம் ஒரே கையெழுத்தில். டெரெக் பெருமூச்சு விடுவார், ஜன்னல் வழியே வயலைப் பார்ப்பார், நாலு நாள் இழுத்தடிப்பார். ஐந்தாம் நாள், தன் வாழ்க்கையையே தியாகம் செய்கிறவர் போலப் பேனாவைத் திறப்பார். ஆனந்தம்! எட்டு மார்ச்சும் இப்படித்தான் போயின. வேண்டும் என்று ஒருவர் சொல்லக் கேட்பதற்காகவே ஒரு மனிதன் வருடம் முழுக்கக் குறை சொல்கிறான். குழந்தை, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யாராவது தேடுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பதில்லையா?

சுமாலி டீச்சர் ஓய்வு பெற்றார். ஜியாப் டீச்சர் துறைத்தலைவி ஆனாள்.

ஜியாப் டீச்சரைப் போல மென்மையான பெண்ணை நீங்கள் பார்த்திருக்க முடியாது. 'க்ரெங் ஜாய்' என்று எங்களிடம் ஒரு பழக்கம். அடுத்தவர் மனதில் நம்மால் ஒரு சுருக்கம்கூட விழுந்துவிடக் கூடாது என்ற அச்சம் அது. எங்கள் எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஓடுகிறது. ஜியாப் டீச்சருக்கு ரத்தத்தில் அதுமட்டும்தான் ஓடியது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கடைக்காரர் சங்கடப்படுவாரே என்று கேட்காமல் வருவாள். மழையில் யாராவது அவள் குடையை எடுத்துப் போய்விட்டால், அவர்கள் திரும்பி வரும்போது கண்ணில் படக்கூடாதே என்று நனைந்துகொண்டு வேறு வழியாகப் போவாள்.

பிப்ரவரி வந்தது. டெரெக் தொண்டையைக் கனைத்தார்.

"ஜியாப் டீச்சர், நான் ரொம்ப யோசிச்சேன். இந்த மார்ச்சோட கிளம்பலாம்னு இருக்கேன்."

ஜியாப் டீச்சரின் கையிலிருந்த பேனா நின்றது. முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு இரண்டு கையையும் கூப்பி, அழகாகச் சிரித்தாள்.

"சரிங்க டீச்சர். உங்க மனசு எப்படியோ அப்படி."

டெரெக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது.

"அவ்வளவுதானா?"

"உங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லாம எல்லாப் பேப்பரையும் நானே முடிச்சுத் தரேன் டீச்சர்."

மறுநாள் மேசையைப் பார்த்தார். மாம்பழம் இல்லை. அதற்கு மறுநாள் பார்த்தார். ஒரு காகிதம் இருந்தது, மேலே ஒரு மல்லிகைப் பூ. வேலை அனுமதியை ரத்து செய்யும் படிவம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நட்சத்திரம் போட்டுக் காட்டியிருந்தாள், அவர் தேடிச் சிரமப்படக் கூடாதே என்று.

"வேண்டாம், நான் போகவில்லை" என்று டெரெக் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவர் எந்த நாட்டில் பிறந்தவர் என்பதை மறந்துவிட்டீர்கள். காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கும் நாடு அது. 'எனக்கு இது வேண்டும்' என்று நேராகச் சொல்வதைவிட வயலில் குதிப்பது அவருக்குச் சுலபம். ஆக, கேட்க வெட்கப்படும் ஒரு தேசமும், தடுக்கக் கூசும் ஒரு தேசமும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தன. படிவம் நடுவில் இருந்தது. மார்ச் ஓடி வந்துகொண்டிருந்தது.

டெரெக் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "எங்க ஊர்ல இப்ப பயங்கரக் குளிர் தெரியுமா?" என்று ஏழாம் பிரிவில் பரிதாபமாகச் சொன்னார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே மாணவர் சங்கம் சேர்ந்து அவருக்குக் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிவிட்டது. வெளியே முப்பத்தொன்பது டிகிரி. போட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள்.

உணவுக்கூடத்தில் லம்யை அக்காவிடம் போனார். பதினைந்து வருடமாகப் பள்ளிக்குச் சமைப்பவள், மனதில் பட்டதைக் கரண்டியால் அடித்துச் சொல்பவள். இவளாவது ஒரு சண்டை போட மாட்டாளா?

"அக்கா, மார்ச் முடிஞ்சா நான் இங்க இருக்க மாட்டேன்."

"கேள்விப்பட்டேன் வாத்தியாரே." துளசிக்கோழி வறுவலைச் சோற்றின் மேல் கொட்டினாள். அதன்மேல் ஒரு பொரித்த முட்டை வைத்தாள். யோசித்தாள். இன்னொரு முட்டை வைத்தாள்.

"ஒரு முட்டைதான கேட்டேன்?"

"அங்க போய் என்ன கிடைக்குமோ. சாப்பிடுங்க."

"நான் போறது உங்களுக்கு வருத்தமா இல்லையா அக்கா?"

"எனக்கு வருத்தமா இருந்தா உங்களுக்கு என்ன, இல்லாட்டி என்ன? கால்ல சக்கரம் கட்டிக்கிட்டவரை நான் கரண்டியால தடுக்க முடியுமா? தள்ளுங்க, பின்னால பிள்ளைங்க நிக்குது."

டெரெக் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக உரத்த குரலில் பேசிய ஒரு மனிதன், தன் பேச்சை எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்பதை உணரும் தருணம் எவ்வளவு கொடியது! அவர் தட்டைப் பார்த்தார். இரண்டு மஞ்சள் கருவும் அவரைப் பார்த்தன.

வழியனுப்பு விழா மார்ச் முதல் வெள்ளி. டைரக்டர் வினய், எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர், ஐயா என்று நாங்கள் அழைப்பவர், எதையும் சின்னதாகச் செய்யாதவர், வாடகைக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் எடுத்தார். பள்ளிக்குழுத் தலைவர் முன்வரிசைச் சோபாவில் அமர்ந்தார். மேடைக்குப் பின்னால் மூன்று ஆள் நீளத்துக்குத் துணி: 'அன்பு ஆசிரியர் டெரெக்கின் பயணம் இனிதாகுக.' நடுவே வாழையிலையைக் கூம்பு கூம்பாக மடித்துக் கட்டிய பூக்கோபுரம், அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான வெள்ளை நூல்கள். மனித உடம்பில் முப்பத்திரண்டு 'க்வான்'கள், குட்டிக் குட்டி உயிர்கள், குடியிருக்கின்றன. பயணம், பயம், துக்கம் என்று வந்தால் அவை திசைக்கொன்றாக ஓடிவிடும். மந்திரம் சொல்லிக் கூப்பிட்டு, மணிக்கட்டில் நூல் கட்டி, உள்ளே உட்கார வைத்துத்தான் ஒருவரை அனுப்ப வேண்டும். அதைச் செய்ய ஊரிலிருந்து சடங்குப் பெரியவர் புன்மா வந்திருந்தார், வெற்றிலை வாயும் வெள்ளைத் துண்டுமாக.

டைரக்டர் நாற்பது நிமிடம் பேசினார். டெரெக் கம்பளிக் கோட்டில் அமர்ந்து அவிந்துகொண்டிருந்தார். புன்மா நீட்டி முழக்கி க்வான்களைக் கூப்பிட்டார்: காட்டிலே திரிகிறாயா, வா, ஆற்றிலே விளையாடுகிறாயா, வா. பிறகு டெரெக்கின் கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டார்கள், நூல் கட்ட வரிசை தொடங்கியது. பிள்ளைகள் முழங்காலிட்டு வந்து ஆளுக்கொரு நூல் கட்டி ஆளுக்கொரு வாழ்த்துச் சொன்னார்கள். நல்லாயிருங்க டீச்சர். குளிர்ல பத்திரம் டீச்சர். பென்ஸ் வந்தாள், இரண்டு நூல் கட்டினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள். லம்யை அக்கா வந்து, நூலை இழுத்து முடிச்சுப் போட்ட வேகத்தில் டெரெக்கின் கை நோவெடுத்தது. மணிக்கட்டு தெரியவில்லை. முழங்கை வரை வெள்ளை. எலும்பு முறிந்தவர் போல அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே முறிந்தது எலும்பல்ல.

கடைசியாக அந்தப் படிவம் வந்தது. வெள்ளித் தட்டில், பட்டுத் துணி விரித்து. எங்கள் ஊரில் எந்தக் கையெழுத்தும் மேடையில் படத்துக்காக ஒருமுறை போடப்படாமல் செல்லாது. கணினி ஆசிரியர் ஓட் கேமராவோடு தரையில் படுத்தார்.

"டீச்சர், எழுதற மாதிரி பேனாவை வைங்க. தொடாதீங்க. சிரிங்க. ஆ, நல்லாருக்கு. இப்ப டைரக்டர் ஐயாவைப் பாருங்க. இன்னொன்னு. சரி, இப்ப நிஜமாவே போடுங்க."

நிஜமாகவே!

டெரெக் பேனாவை நட்சத்திரத்தின் மேல் வைத்தார். பேனா நகரவில்லை. ஒரு கையெழுத்து, அதற்கப்புறம் அவருக்கு உடற்பயிற்சி சைக்கிளும் சுவரும். பக்கத்தில் தட்டைப் பிடித்திருந்த ஜியாப் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜியாப் டீச்சர்."

"சொல்லுங்க டீச்சர்."

"எனக்குப் போக வேண்டாம்."

கோட்டுக் காலரில் சிறு ஒலிவாங்கி குத்தியிருந்ததை அவர் மறந்துவிட்டார். பந்தலின் நாலு மூலையிலிருந்தும் அவர் குரல் திரும்பி வந்தது. ஆயிரத்து எண்ணூறு தலைகள் நிமிர்ந்தன.

"வேண்டாம்னா?" என்றாள் ஜியாப் டீச்சர்.

"வேண்டாம்னா... எப்பவுமே வேண்டாம். போகணும்னு ஒருநாள்கூட நினைச்சதில்ல. யாராவது போகாதீங்கன்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க சொல்லவே இல்ல."

"நான் எப்படி டீச்சர் சொல்வேன்?" அந்தச் சின்னக் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "ஒன்பது வருஷமா போகணும் போகணும்னு சொல்லிட்டிருக்கீங்க! ஒரு மனுஷன் ஒன்பது வருஷமா ஆசைப்பட்ட விஷயத்தை, நான் தலைவியாகி முதல் வருஷமே வந்து கெடுக்கலாமா? ரெண்டு வாரமா பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழுதுட்டு வரேன், தெரியுமா?"

"அழறதுக்குப் பதிலா சொல்லியிருக்கலாமே!"

"நீங்க சொல்லியிருக்கலாமே!"

இருவரும் அழுதார்கள். பிள்ளைகள் அழுதார்கள். தரையில் படுத்திருந்த ஓட், அழுதுகொண்டே படம் எடுத்தார்.

அழாதவர் ஒருவர்தான். டைரக்டர். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது. பந்தல், ஒலிபெருக்கி, முன்வரிசையில் பள்ளிக்குழுத் தலைவர், பின்னால் மூன்று ஆள் நீளத் துணி. போகாத ஒருவருக்கு வழியனுப்பு விழா நடத்திய பள்ளி என்று மாவட்டமே சிரிக்குமே! பள்ளிக்கே தலைகுனிவு என்றால் டெரெக் இருக்கவும் முடியாது. அவரே வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். போடத்தான் குனிந்தார். அவர் முகம் காது வரை சிவந்திருந்தது.

டைரக்டர், உதடு அசையாமல், புன்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"பெரியவரே, இப்ப என்ன பண்றது?"

"எதுக்கு?"

"வழியனுப்பற சடங்கு பண்ணிட்டோமே. ஆள் போகலன்னா குத்தமாயிடாதா?"

புன்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "போறவருக்கும் இதே மந்திரம்தான், வர்றவருக்கும் இதே மந்திரம்தான். பூவும் அதே, நூலும் அதே. கடைசியில நாலு வரி வேற சொல்லணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம். தலைக்கு மேல வெயில், மூணு நிமிஷத்துல முடிக்கிறேன்."

டைரக்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டார். "பெரியோர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே! நம் சடங்கின் சக்தியைக் கண்ணால் பார்த்தீர்கள். ஊர் சுற்றப் போன முப்பத்திரண்டு க்வான்களும் இந்த மேடைக்கே திரும்பி வந்து குடியேறிவிட்டன. ஆகவே இந்த வரவேற்பு விழாவை இனிதே தொடங்கி வைக்கிறேன்!" என்று, அதே தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, இன்னும் நாற்பது நிமிடம் பேசினார். பள்ளிக்குழுத் தலைவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஏழாம் பிரிவுப் பிள்ளைகள் இருவர் நாற்காலி மேல் ஏறி, துணியில் 'பயணம்' இருந்த இடத்தில் தாள் ஒட்டி 'வருகை' என்று எழுதினார்கள். லம்யை அக்கா பின்னாலிருந்து கத்தினாள்: "வந்தவரோ போறவரோ, சோறு ஆறுது!"

டெரெக்கின் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டதா என்று கவலைப்படுகிறீர்களா? விளம்பரமே போடவில்லை. இருக்கிறவர் கண்ணில் பட்டால் மனம் நோகுமே என்று ஜியாப் டீச்சர்தான் தள்ளிப் போட்டிருந்தாள். அதுமட்டுமா, கைப்பையைத் திறந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். புது ஒப்பந்தம். டெரெக்கின் பெயரும் தேதியும் தட்டச்சு செய்து, ஜனவரியிலிருந்தே அவளிடம் இருந்தது.

டெரெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"மூணு வருஷம்னு போட்டிருக்கு?"

"வருஷா வருஷம் இந்த மாதிரி எனக்குத் தாங்காது டீச்சர்." ஜியாப் டீச்சர் பேனாவை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க. ஓட் சார், எழுந்திரிங்க, படமெல்லாம் வேண்டாம்."

போட்டார். பெருமூச்சு விடவில்லை. வயலைப் பார்க்கவில்லை. நாலு நாள் இழுத்தடிக்கவும் இல்லை.

கதை சுபம். நீங்களும் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள், பாவம் அந்த வெள்ளைக்கார வாத்தியார் என்று. நல்லது. ஆனால் போன வாரம் அலுவலகத்தில், "நான் ஒருத்தன் இல்லாட்டி இந்த ஆபீஸ் எப்படி நடக்குதுன்னு பார்க்கறேன்" என்று சொன்னது யார்? சம்பந்தி வீட்டு விசேஷத்தில், "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மிதியடியைத் தேடுகிற சாக்கில் கால்மணி நேரம் நின்றது யார்? அப்போது பக்கத்தில் ஒருவர் மறுத்து ஒரு வார்த்தை பேசாமல், உங்களையே கனிவாகப் பார்த்துத் தலையாட்டினாரே, கவனித்தீர்களா? அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்து வீட்டில் வந்து புலம்பினீர்கள். அப்படி இல்லை. அவர் ரொம்ப நல்ல மனிதர். உங்கள் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைப்பவர்.

இப்போது உங்கள் வழியனுப்பு விழா ஏற்பாட்டில் இருக்கிறாராம்.